பரவாயில்லைக்கு எத்தனை

தேவனாம்பட்டினத்தில் எனக்குப் பெயர்
மார்க்கு மேடம்.
கருத்தரங்கு அட்டையில் வேறு பெயர்,
முன்னால் முனைவர், பின்னால் துறை,
நடுவில் எங்கோ நான்.

முப்பத்தோரு வருஷமாய் ஒரே கேள்வி.
பத்துப் படி வைத்த ஏணி ஒன்று,
உச்சியில் நீங்கள் ஆசைப்பட்ட வாழ்க்கை.
இன்றைக்கு எந்தப் படியில் நிற்கிறீர்கள்?

மூங்கிலா இரும்பா என்று கேட்டார்
மஞ்சக்குப்பத்தில் வெள்ளையடிக்கும் ஒருவர்.
மூங்கில் என்றால்
ஆறுக்கு மேல் ஏறமாட்டாராம்.

படிவத்தில் மகிழ்ச்சி என்று இருந்தது.
வரவேற்பு வளைவிலும் பத்திரிகையிலும் தவிர
வீட்டில் யாரும் புழங்காத சொல்.
அடித்துவிட்டுச் சந்தோஷம் என்று போட்டேன்.
அதற்கும் ஒரே பதில்தான்.

முதுநகர்க் கருவாட்டுக் கிடங்கில் பரவால்ல.
சிப்காட் வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு பரவால்ல.
வட்டிக்கு விடும் தணிகாசலமும் பரவால்ல,
அவரிடம் தோட்டை அடகு வைத்தவளும் பரவால்ல.

பரவால்லைக்கு எத்தனை போடுவது?
நான் ஐந்து போட்டேன்.
நெறியாளர் ஆறு என்றார்.
கரண்ட் போன ஒரு ராத்திரியில்
சிம்னி விளக்கு வெளிச்சத்தில்
ஒரு தாலுகாவையே ஒரு படி மேலே தூக்கினேன்.
பட்டம் அப்படித்தான் வந்தது.

ஹெல்சிங்கியில் என் வரைபடத்தைத் திரையில் போட்டார்கள்.
கடலூர் மட்டும் வெளிர் மஞ்சள்.
வெளியே பனி. யாரும் சிரிக்கவில்லை.
தங்களுக்கு ஏழே முக்கால் என்றார்கள்.

வரிசை எண் 0417, அஞ்சலாட்சி, மீன் வியாபாரம்.
முதல் சுற்றில் ஆறு.
அலை வந்த மறு வருஷம்,
படகு இல்லை, வீட்டுக்கு மூன்றே சுவர்,
எட்டு என்றாள்.
தப்பாய்க் கேட்டுவிட்டதோ என்று இன்னொரு தரம் கேட்டேன்.
"எட்டுதான், எளுது. காது கேக்கலியா?"

கணினியில் அவள் கூட்டத்தைவிட்டு விலகி
தன்னந்தனியாய் உயரத்தில் நின்றாள்.
அந்தப் புள்ளியை எடுத்துவிடுங்கள் என்று
ஆய்விதழிலிருந்து கடிதம் வந்தது.
எடுத்தேன்.
கோடு நேரானது, கட்டுரை அச்சானது,
நான் இணைப் பேராசிரியர் ஆனேன்.

அடுத்த சுற்றில் வீட்டுக்கு மாடி வந்திருந்தது.
நான்கு என்றாள்.
மருமகள் முகம்கொடுத்துப் பேசுவதில்லை என்பதற்குப்
படிவத்தில் கட்டம் கிடையாது.

பிறகு ஒரு கார்த்திகையில்
கெடிலம் புதுப்பாளையத்துக்குள் வந்தது.
கட்டிலுக்கடியில் பதினொரு பெட்டி.
தண்ணீர் வடிந்ததும் மொட்டைமாடியில் பரப்பி
ஒவ்வொரு கத்தைமேலும் ஒரு செங்கல் வைத்தேன்.

எண்களை மையில்தான் எழுத வேண்டும் என்பது விதி.
ஓரத்துக் குறிப்புகள் பென்சிலில்,
என் ஞாபகத்துக்கு.

நீலமெல்லாம் கரைந்து
பக்கத்துக்குப் பக்கம் ஒரே கறை.
ஆறு, ஐந்து, ஏழு, எதுவும் இல்லை.
பென்சில் மட்டும் அப்படியே.

பால் பொங்குகிறது, பாதியில் எழுந்து போனார்.

மகனை வெளியே போகச் சொல்லிவிட்டுப் பதில் சொன்னார்.

இந்தக் கேள்விக்குச் சிரித்தார். அடுத்ததற்கும்.

நாய் உள்ளே விடவில்லை.

0417ஐத் தேடி எடுத்தேன்.
எட்டு இருந்த இடத்தில் ஒரு வெளுப்பு.
பக்கத்தில் என் கையெழுத்து:
குடையை வாங்கி
முறிந்த கம்பியை வலைநூலால் கட்டிக் கொடுத்தாள்.
அரை மணி ஆயிற்று.
ஒன்பதிலிருந்து பதினான்குவரை கேட்கவில்லை.

நாலு மழைக்காலம் தாங்கியது அது.
கட்டு அவிழவே இல்லை.
குடையைத்தான்
பண்ருட்டி பஸ்ஸில் விட்டுவிட்டேன்.